ஓட்டலில் சாப்பிட்டது கணக்கில்லை

1

கோவில்பட்டியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி, நான் படித்த அதே விவசாயக் கல்லூரிக்கு இந்த வருடம் மேல்படிப்புக்கு வருகிறாள். விசா கைக்கு வந்த அன்றே ஈமெயில் போட்டாள். குளிருக்கு என்ன வாங்க வேண்டும், அரிசி கிடைக்குமா, குளியலறையில் வாளி இருக்குமா என்று பெரிய பட்டியலே வரும் என்று நினைத்துத் திறந்தேன். ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: “அங்கன வெளிய சாப்பிடணும்னா எங்கட்டி போறது?”

சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாள். போன வருடம் இதே பருவத்தில் ஹார்லிஃபோர்ட் ஊருக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு சாப்பாட்டுக் கடை விடாமல் ஏறி இறங்கியவள் நான். பசிக்காக இல்லை, என் அக்கா கல்யாணத்துக்காக. அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்து, அது இவ்வளவு நீளத்துக்கு வந்துவிட்டதால், ஊரில் மற்றவர்களும் படிக்கட்டும் என்று அனுப்புகிறேன்.

ஹார்லிஃபோர்ட் வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அளவில் கழுகுமலையைவிடக் கொஞ்சம் பெரிது. ஓர் ஆறு, அதன் மேல் கல்பாலம், பழைய தேவாலயம், புதன்கிழமை கூடும் மாட்டுச் சந்தை, சந்தையைச் சுற்றிக் கடைகள். மண் செக்கச்செவேல் என்றிருக்கும். கரிசலில் பிறந்த கண்ணுக்கு முதல் மாதம் அது மண்ணாகவே படவில்லை. யாரோ செங்கலைப் பொடித்துப் பரப்பியது போலத்தான் இருந்தது. மழையைப் பற்றி எழுதினால் வானம் பார்த்துக் கிடக்கும் ஓட்டப்பிடாரத்துக்காரர்களுக்கு வயிறெரியும், விட்டுவிடுகிறேன்.

2

அக்கா பெயர் செல்வி. பிசியோதெரபி படித்துவிட்டு இங்கே ஆஸ்பத்திரியில் வேலைக்கு வந்தவள். அவள் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அப்பா என்னையும் அனுப்பினார். நான் வந்து சூட்கேஸ் துணிகளை அலமாரியில் அடுக்கி முடிக்கவில்லை, அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன். கத்தக் கூடாது.”

“யாரு?”

“எக்ஸ்ரே எடுக்கிற பீட்டரு. அன்னைக்கு கார்ல ஒன்னயக் கூப்பிட வந்தாவள்லா.”

“அந்த ஒட்டடைக்கம்பா?”

“நெட்டையா இருந்தா ஒட்டடைக்கம்பா? நீ மட்டும் பெரிய இவ.”

பீட்டர் விவசாயக் குடும்பத்துப் பையன். ஊருக்கு வெளியே பண்ணை. அக்காவுக்கும் அவனுக்கும் இரண்டு வருடப் பழக்கம். அக்கா எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டாள். அன்றைக்குச் சொன்னது இது: “அப்பா சரின்னா பண்ணுவேன். வேண்டாம்னா வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துருவேன். ஒளிஞ்சு பண்ணுத சோலி எனக்கு ஆவாது.”

அப்பாவுக்கு அவளே போன் போட்டாள். கார்டு போட்டுப் பேசும் போன். அவள் சொல்லச் சொல்லக் கார்டில் நிமிடங்கள் கரைந்துகொண்டிருந்தன. கடைசியில் அப்பா சொன்னார்: “வெள்ளைக்காரன்ட்டப் போயி நீங்க என்ன ஆளுகன்னு கேக்கவா முடியும்? வீடு வாசலையாவது பாக்கணும்லா. நான் வாரேன். வந்து பாத்துட்டுச் சொல்லுதேன்.”

அப்பா வருகிறார் என்றதும் பீட்டரின் அம்மா மார்கரெட், ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் தன் வீட்டில் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். இங்கே ஞாயிறு மதியச் சாப்பாடு பெரிய விஷயம். அடுப்புக்குள் வைத்து வாட்டிய கறி, உருளைக்கிழங்கு, நாலு வகைக் காய். குடும்பத்தோடு உட்காரும் ஒரே வேளை அதுதான். அதற்கு அழைப்பது நல்ல மரியாதை. ஆனால் அந்த மரியாதையைத்தான் எங்களால் ஏற்க முடியாமல் போனது.

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம், வெற்றிலை போடலாம். சாப்பாடு மட்டும் கூடாது. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பேச்சை மாற்ற முடியாது. கறிக்குழம்பு வாசம் மூக்கைத் துளைக்கும்போது ‘இப்பத்தான் சாப்ட்டு வாரோம்’ என்று வயிறு கிள்ள எழுந்து வந்து, பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் புகுந்து புரோட்டா பிய்த்த சம்பந்தகாரர்கள் எத்தனையோ பேர். ஓட்டல் யார் வீடும் இல்லை. அங்கே சாப்பிட்டது கணக்கில் வராது.

அப்பா போனிலேயே சொல்லிவிட்டார்: “அவிய வீட்டுல சாப்பாடுன்னு பேச்செடுக்கக் கூடாது. பொதுவா ஒரு ஓட்டல்ல பாத்துப் பேசுவோம்.”

வெளியே போகலாம் என்று அக்கா சொன்னதும் மார்கரெட்டின் முகம் சுருங்கிவிட்டதாம். தன் சமையல் மேல் நம்பிக்கையில்லை என்று எடுத்துக்கொண்டாள். பிறகு பீட்டர் அம்மாவிடம் எங்கள் வழக்கத்தைத் தானே எடுத்துச் சொல்லிவிட்டதாகவும், அவள் மிக ஆர்வமாகக் கேட்டுக்கொண்டதாகவும் பெருமையாக வந்து சொன்னான். பையன் கெட்டிக்காரன்தான் என்று நான்கூட நினைத்தேன்.

ஓட்டல் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையை நீட்டினேன்.

3

முதலில் மீன் கடைக்குப் போனேன். மார்க்கெட் சதுக்கத்து மூலையில் இருக்கிறது. முழ நீள மீனுக்கு மாவுச் சட்டை போட்டுப் பொரித்து, பக்கத்தில் விரல் தண்டி உருளைக்கிழங்கைக் குவித்து, மேலே உப்பும் வினிகரும் தெளித்துக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். அந்தப் புளிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. கொஞ்சம் மிளகாய்ப் பொடி இருக்குமா என்று கேட்டேன். கடைக்காரப் பெண் இரக்கத்தோடு ஒரு மஞ்சள் குழம்பை எடுத்து வைத்தாள். அதில் மஞ்சள் நிறத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. உட்கார இடம் கிடையாது. சதுக்கத்துப் பெஞ்சில், மழைக் கோட்டுக்குள் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு தின்ன வேண்டும். தோழி, நீ கட்டாயம் தின்ன வேண்டும். ஆனால் அக்கா ஒரே வார்த்தையில் அடித்துவிட்டாள்: “அப்பாவத் தெருவுல நின்னு திங்க வைக்கப் போறியோ?”

அடுத்தது தேவாலயத்துக்கு எதிரே உள்ள டீக்கடை. டீக்கடை என்றதும் பாய்லரும் தினத்தாளும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடு. பூப்போட்ட மேசை விரிப்பு, பூப்போட்ட கோப்பை, பூப்போட்ட சட்டை போட்ட வயதான பெண்கள். டீயை ஒரு குடுவையில் தருவார்கள். கூடவே இன்னொரு குடுவையில் வெறும் சுடுதண்ணீர். அது எதற்கு என்று தெரியாமல் முதல் நாள் அதைத் தனியாகக் குடித்தேன். ரொட்டிக்கும் கேக்குக்கும் நடுவில் ஒரு பலகாரம் உண்டு, ஸ்கோன் என்று பெயர். அதில் ஜாமை முதலில் தடவுவதா, பாலாடையை முதலில் தடவுவதா என்று இரண்டு கட்சி. நான் இரண்டு விதமாகவும் தின்று பார்த்தேன். வயிற்றுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அங்கே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அப்பா சாதாரணமாகப் பேசினாலே அடுத்த வயலுக்குக் கேட்கும். வேண்டாம் என்று நானே விட்டுவிட்டேன்.

பைபாஸ் ரோட்டில் லாரி டிரைவர்கள் சாப்பிடும் ஒரு தகரக் கொட்டகைக் கடை இருக்கிறது. சாத்தூர் தாண்டி லாரிகள் வரிசையாக நிற்குமே, அந்தப் புரோட்டாக் கடைகளுக்கு இது பெரியம்மா மகள். காலைச் சாப்பாட்டை நாள் பூராவும் போடுவார்கள். முட்டை, வாட்டிய தக்காளி, வதக்கிய காளான், இனிப்புச் சாற்றில் ஊறிய அவரைப் பயறு. டீ குவளை சொம்பு அளவு. கடைக்காரம்மா எல்லோரையும் ‘என் கண்ணு’ என்றுதான் கூப்பிடுவாள், தாடிக்காரத் தடியனைக்கூட. தனியாக மனசு வாடினால் நீ போக வேண்டிய இடம் அதுதான். சம்பந்தம் பேசும் இடம் அல்ல.

இந்தியச் சாப்பாட்டுக் கடையும் ஒன்று உண்டு. முதலாளி வங்காளதேசத்துப் பாய். பட்டியலில் ‘மெட்ராஸ்’ என்றே ஒரு கறி போட்டிருந்தது. சொந்த மாநிலம் ஆயிற்றே, விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அதையே சொன்னேன். பாய் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

“அதை நீ சாப்பிட மாட்டாய். அது வெள்ளைக்காரர்களுக்கு. பேசாமல் உட்கார்” என்று சொல்லிவிட்டு, வேலையாட்களுக்கு என்று வடித்த சோறும் பருப்பும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். அப்பா விஷயத்தையும் கேட்டுவிட்டு, ஞாயிறு மதியம் கடை அடைப்புதான், ஆனாலும் உன் அப்பாவுக்காகத் திறக்கிறேன் என்றார். நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா யோசித்தாள். “வேண்டாம்ட்டி. சோறும் கொழம்பும் கண்டா அப்பாக்கு ஊரு ஞாபகம் வந்துரும். ஊரு ஞாபகம் வந்துச்சுன்னா வேண்டாம்னு சொல்லிருவாவ.”

மிச்சம் இருந்தவை பப்புகள், குடியும் சாப்பாடும் சேர்ந்த கடைகள். ஊர்ப்புறங்களில் உட்கார்ந்து நல்ல சாப்பாடு சாப்பிடுவது என்றால் இங்கே பப்புதான். முதல் பப்பில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், உட்கார்ந்துகொண்டே இருந்தேன். நம் ஊரில் நாற்காலியை இழுத்தால் போதும், தண்ணீர் டம்ளர் வரும், பின்னாலேயே ‘என்ன சாப்புடுதீங்க’ வரும். இங்கே நாமாகப் போய் பீர் ஊற்றித் தரும் கவுண்டரில் நின்று, மேசை எண்ணைச் சொல்லி, சாப்பாட்டையும் சொல்லி வர வேண்டுமாம். அது தெரிந்துகொண்டு போய் நின்றபோது அடுப்பை அணைத்துவிட்டார்கள். இரண்டு மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது. பள்ளிக்கூடம் போல ஓட்டலுக்கும் நேரம் உண்டு என்பதை அன்று கற்றேன். இன்னொரு பப்பில் மேசைக்கு அடியில் கன்றுக்குட்டி அளவு நாய் படுத்திருந்தது. நாய்க்கும் அனுமதி உண்டாம். மூன்றாவதில் ஞாயிறு என்றால் மாட்டுக்கறி மட்டும்தான். அப்பா ஆடு கோழி சாப்பிடுவார், மாடு தொட மாட்டார்.

கடைசியில் ஆற்றோரக் கிராமம் ஒன்றில் சரியானது கிடைத்தது. பலகையில் கலப்பை வரைந்திருந்தார்கள். பெயரும் கலப்பைதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி உண்டு, நாய் கிடையாது, கை கழுவப் பக்கத்திலேயே குழாய் உண்டு. அந்தக் கடைக்காரன் பீட்டருக்குச் சொந்தமா என்றும் விசாரித்துக்கொண்டேன். சொந்தக்காரன் கடை என்றால் அதுவும் வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். சொந்தமில்லை. மேசை சொல்லிவிட்டு வந்தேன்.

4

சென்னையில் விசா நேர்காணலில் எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா ஒளிவுமறைவு தெரியாதவர். “மாப்பிள்ள வீடு பாக்கப் போறேன்” என்றிருக்கிறார். தாளில் அதற்குக் கட்டம் கிடையாது. சுற்றுலா, வியாபாரம், உறவினரைப் பார்க்க, இவ்வளவுதான். உறவினர் கட்டத்தில் குறி போட்டார்களாம். அதை எங்களிடம் சொல்லும்போது அப்பாவுக்கு ஒரு சின்னக் கோபம்: “இன்னும் ஒறவே ஆகலை, அதுக்குள்ள ஒறவினர்னு போட்டுட்டான்.”

துபாயில் விமானம் மாறி வந்ததைப் பற்றிக் கேட்டேன். “மணியாச்சியில வண்டி மாறுத மாதிரிதான். என்ன, அங்கன வடை கிடைக்கும்.”

புதன்கிழமை நான் அவரைச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். செம்மறி ஆடுகளைப் பார்த்து நின்றுவிட்டார். “ஆடா இது? பஞ்சு மூடைக்குக் கால் மொளைச்ச மாதிரில்லா நிக்கி.” ஏலம் விடுபவர் வாய் ஓயாமல் எண்களைக் கொட்டுவதை ரசித்தார். கம்பியில் சாய்ந்து நின்ற இங்கத்திய விவசாயிகள் யாரும் முகத்தில் எதையும் காட்டவில்லை. “எல்லா ஊர்லயும் சம்சாரி மொகம் இப்படித்தான் இருக்கும்போல” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம்தான் பப் என்றால் என்ன என்பது அவருக்கு உறைத்தது.

“சம்பந்தம் பேச சாராயக்கடைக்கா கூட்டிட்டுப் போற?”

“அப்பா, இங்கன அப்படி இல்ல. குடும்பத்தோட வருவாவ. கோயில்ல பூசை முடிச்சுட்டு சாமியாரே வந்து உக்காந்திருப்பாரு.”

“சாமியாரு குடிப்பாரா?”

“கொஞ்சமா.”

“நல்லா இருக்குட்டி ஒங்க ஊரு” என்றார். ஆனாலும் வருவதற்குச் சம்மதித்தார். ஊரிலிருந்து அம்மா போனில் தனியாக என்னைக் கூப்பிட்டு எச்சரித்தாள்: “ஒங்கப்பாக்கு நாக்கு நீளம். கறியக் கண்டா விடமாட்டாரு. அவிய வீட்டுப் பக்கம் போயி எதையாவது தின்னுட்டு வந்துறாமப் பாத்துக்கோ. அவ வாழ்க்கைடி.”

5

கலப்பையில் ஜன்னலோர மேசை. ஒரு பக்கம் அப்பா, அக்கா, நான். எதிர்ப்பக்கம் பீட்டர், மார்கரெட், பீட்டரின் அப்பா ஆலன். ஆலன் வார்த்தைகளை மிச்சம் பிடிப்பவர். வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, உள்ளங்கையை ஒரு தரம் பார்த்தார். அப்பாவும் அவர் கையைப் பார்த்தார். இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

பேச்சை மார்கரெட்தான் இழுத்தாள். பயணம் எப்படி, குளிர் எப்படி, எங்கள் ஊரில் இப்போது என்ன பயிர். அப்பா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலமாக்கினேன். உளுந்து, பாசி, கம்பு, பருத்தி, மிளகாய். மழை வந்தால் எல்லாம் உண்டு, வராவிட்டால் ஒன்றுமில்லை. மார்கரெட் தலையாட்டிக் கேட்டாள். அவள் கண் மட்டும் அடிக்கடி அப்பாவுக்கு முன்னால் இருந்த காலி இடத்துக்குப் போய்ப் போய் வந்தது.

தட்டுகள் வந்தன. வாட்டிய ஆட்டுக்கறித் துண்டுகள், பொன் நிறத்தில் முறுகிய உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, காரட், கிண்ணம் போல உப்பிய ஒரு மாவுப் பண்டம், ஊற்றிக்கொள்ளக் குழம்பு. தனியாகப் புதினாச் சாறு. அப்பா அதை முகர்ந்தார்.

“புதினாத் தொவையலு. புளிக்குப் பதிலா என்னத்தையோ ஊத்திருக்கான்.”

கத்தியை ஒதுக்கிவிட்டுக் கரண்டி கேட்டார். ஒரு துண்டு கறியை வாயில் போட்டார். எதிரே மூன்று பேரும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆள் தொடங்கட்டும் என்று மரியாதைக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“காரந்தான் இல்ல. மத்தபடி கறி பஞ்சு மாதிரி வெந்துருக்கு” என்றார் அப்பா. பிறகு நிறுத்தவில்லை. அக்கா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ரொட்டியும் கஞ்சியுமாக ஓட்டியவர். உருளைக்கிழங்கு தீர்ந்ததும் இன்னும் கிடைக்குமா என்று கேட்டார். மார்கரெட் தன் தட்டிலிருந்ததை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். ஓட்டல்தானே என்று அப்பா அதையும் சாப்பிட்டார்.

மார்கரெட் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். ஆலனின் தோளைத் தொட்டாள். ஆலன் எழுந்தார். அந்த மனிதர் எழுந்து நின்று பேசுவதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்திருக்காது போல. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக் குவளையை உயர்த்தி, “செல்விக்கும் பீட்டருக்கும்” என்றார். உட்கார்ந்துவிட்டார். மார்கரெட் அக்காவைக் கட்டிப்பிடித்தாள். யாரோ ஒருவர் கைதட்ட, பப் முழுக்கக் கைதட்டியது. அப்பாவும் கைதட்டினார்.

தட்டிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார். “யாருக்குட்டி பொறந்தநாளு?”

நான் பீட்டரைப் பார்த்தேன். “அம்மாவிடம் என்ன சொன்னாய்?”

“அவர் சாப்பிட்டால் சம்மதம் என்று சொன்னேன். அதுதானே?” என்றான். அவனுடைய முகம் முழுக்கச் சந்தோஷம்.

ஓட்டல் விதியை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அக்கா வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் அப்பாவின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அப்பா கைதட்டுவதை நிறுத்தினார். கரண்டியைத் தட்டில் வைத்தார். பேசாமல் இருந்திருந்தால் அந்த நிமிடமே கல்யாணம் முடிவாகியிருக்கும். அக்காவின் கண்கள் அதைத்தான் கெஞ்சின. பேசாமல் இருக்கும் ஆள் அவர் இல்லை.

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே, தாயி. அவியட்ட சொல்லு. ஓட்டல்ல சாப்ட்டது கணக்கில்லன்னு சொல்லு.”

“அப்பா, இப்ப சொல்லணுமா?”

“பெறகு எப்ப? அந்தம்மா அழுதுகிட்டுல்லா இருக்காவ. பொய்யான காரியத்துக்கு அழ விடலாமா?”

சொன்னேன். என் ஆங்கிலம் அன்று போல என்றும் தடுமாறியதில்லை. வீட்டுச் சாப்பாடு, ஓட்டல் சாப்பாடு, பலகாரம் என்று எல்லா விதிகளையும் ஒப்பித்தேன். மார்கரெட்டின் முகம் மெல்லச் சிவந்து, கழுத்து வரை இறங்கியது. எங்களைச் சுற்றி இருந்தவர்கள் தங்கள் தட்டுகளில் தீவிரமாக இறங்கினார்கள்.

ஆலன்தான் கேட்டார். “முடிவு செய்ய அவர் எதைப் பார்க்க வேண்டும்?”

“வீட்டைப் பாக்கணும்” என்றார் அப்பா.

“அப்படியானால் போவோம்” என்று ஆலன் தொப்பியை எடுத்தார்.

6

பண்ணை ஒரு சரிவில் இருந்தது. மார்கரெட் நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள். அக்காவும் பீட்டரும் அவள் பின்னால் போனார்கள். ஆலன் அப்பாவையும், பேச்சுக்கு என்னையும் தொழுவத்துக்குக் கூட்டிப் போனார்.

பெரிய தொழுவம். ஒரு மூலையில் மட்டும் சில கன்றுக் கிடேரிகள் நின்றன. மற்ற இடமெல்லாம் காலியாகக் கழுவிக் கிடந்தது. அப்பா காலி முளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்டேன்.

“கோமாரி வந்த வருடம்” என்றார் ஆலன்.

அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். “எத்தன செத்துச்சாம்?”

“ஒன்றும் சாகவில்லை. எங்கள் மாட்டுக்கு நோயே வரவில்லை. பக்கத்துப் பண்ணையில் வந்தது. சட்டப்படி எங்களுடையதையும் சுட்டுக் கொன்றார்கள். அதோ அந்த வயலில் எரித்தார்கள்.”

அப்பா நம்பாமல் என்னிடம் மறுபடி கேட்டார். சரியாகத்தான் சொல்லுதியா என்று கேட்டார். எங்கள் ஊரில் கோமாரி வந்தால் வாய்க்கு வேப்பெண்ணெய் தடவி, காலைச் சேற்றில் நிறுத்தி, தவிட்டுக் கஞ்சி புகட்டி எப்படியாவது தேற்றப் பார்ப்பார்கள். நோயில்லாத மாட்டைச் சுடுவது என்பது அவருக்குள் இறங்கவில்லை. வெகுநேரம் அந்த வயலையே பார்த்துக்கொண்டு நின்றார். புல் மற்ற இடங்களைவிட அங்கே அடர்த்தியாக இருந்தது.

“பெறகு எதுக்கு மறுபடி மாடு வாங்குனாராம்? கேளு.”

கேட்டேன். ஆலன் அந்த வயலைக் கைகாட்டினார்.

“புல் முளைக்கிறதே. வேறென்ன செய்ய?”

சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். இந்த ஊருக்கு வந்தபிறகு முதல் தடவையாகச் சிரித்தார். மூன்று வருடம் வரிசையாக விதைத்தது கருகியும், ஐப்பசியில் மேகம் கூடியதும் விதைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர். ஏன் போகிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு அவரும் இப்படித்தான் ஒரு பதில் சொன்னார். அது இங்கே எழுதும்படி இல்லை.

சமையலறையில் டீயும் பழக் கேக்கும் இருந்தன. அப்பா டீ குடித்தார். கேக்கைத் தின்றார். பலகாரம் கணக்கில்லை என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். மார்கரெட் இந்தத் தடவை அவருடைய தட்டைப் பார்க்கவேயில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். அப்பா எழுந்தார். கிளம்பப் போகிறார் என்று நானும் எழுந்தேன்.

தொட்டிக் குழாயில் கை கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

“ஏட்டி, வீட்டுல சாப்பாடு ஏதும் இருக்கான்னு கேளு.”

“அப்பா, இப்பத்தான அம்புட்டும் சாப்ட்டீங்க.”

“அது ஓட்டல்ல. நீ கேளு.”

அக்கா எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் மார்கரெட்டிடம் கேட்டேன். வீட்டில் சமைக்காத ஞாயிற்றுக்கிழமை அது. மார்கரெட் குளிர்பெட்டியைத் திறந்து, முந்தின நாள் அவித்து மிஞ்சிய உருளைக்கிழங்கையும், ரொட்டியையும், பாலாடைக்கட்டித் துண்டையும், வினிகரில் ஊறிய வெங்காயத்தையும் ஒரு தட்டில் வைத்து, மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு நீட்டினாள். அப்பா ஆறிப்போன உருளைக்கிழங்கைக் கையால் பிசைந்தார். முதல் வாய் இறங்கவே கஷ்டப்பட்டது. கழுத்தில் நரம்பு தெரிந்தது. வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அடுத்த வாய் எடுத்தார். பீட்டருக்கு ஏதோ புரியத் தொடங்கியிருந்தது. ஆனால் ஒரு தடவை சூடு பட்டவன், வாயைத் திறக்கவில்லை.

மார்கரெட் என் பக்கத்தில் வந்து, பிள்ளைகள் ஆசிரியரிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள். “இது கணக்கில் வருமா?”

அப்பா நிமிர்ந்தார். “என்ன கேக்காவ?”

“இது கணக்கான்னு கேக்காவ.”

அப்பா வாயில் இருந்ததை விழுங்கினார். தட்டை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்.

“இன்னொரு கெழங்கு வைக்கச் சொல்லு.”